பார் கட்டுமுன் தரையைப் பார்

கனடாவில் ஒரு வீடு வாங்கி, மேலே உள்ளதெல்லாம் ஒருவாறு ஒழுங்குக்கு வந்த பிறகு, வீட்டு ஆண்களின் கண் பேஸ்மென்டில் விழும். ரொறன்ரோ வட்டாரத்தில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிறந்தநாள் விழா மேலே நடக்கும். மாமாமாரும் மச்சான்மாரும் மைனஸ் பதினைந்தில் கராஜுக்குள் ஜாக்கெட்டோடு நின்று, காரின் டிக்கியைத் திறந்து வைத்து, கடதாசிக் கோப்பையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். "கீழே ஒரு பார் இருந்தால் எப்படியிருக்கும்" என்ற பேச்சு அங்கேதான் முதலில் எழும்பும்.

நான் தச்சுத் தொழிலாளி இல்லை. வார இறுதிகளில் வேலை செய்து ஒரு பாரைக் கட்டி முடித்தேன். பிறகு இரண்டு சொந்தக்காரர் வீடுகளிலும் கூடமாட நின்றேன். மூன்று இடங்களிலும் ஒன்றைக் கவனித்தேன். எல்லாரும் போத்தல் தட்டிலிருந்தும் லைட்டிலிருந்தும் யோசிக்கத் தொடங்குகிறார்கள். கடைசியில் கவலை தருவது தரையும் தண்ணீரும் அங்குலக் கணக்கும்தான். அதனால் இந்தக் கட்டுரை தரையிலிருந்து தொடங்குகிறது.

ஒரு வசந்தகாலம் பொறுங்கள்

வீட்டை இலையுதிர் காலத்தில் வாங்கியிருந்தால் அந்தக் குளிர்காலத்திலேயே கட்டத் தொடங்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போதுதான் பேஸ்மென்டின் உண்மைக் குணம் தெரியும். கோடையிலும் திடீர் மழை உண்டு. 2013 ஜூலை 8 மாலை பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் 126 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்றிரவு ரொறன்ரோவில் எத்தனையோ பேஸ்மென்டுகளில் கம்பளம் மிதந்தது. 2024 ஜூலையிலும் அதே கதை. இப்படி ஒரு மழைக்கும் உங்கள் தரை காய்ந்தபடி இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

சோதனை சுலபம். இரண்டடிக்கு இரண்டடி தடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெறும் கொங்கிரீட்டில் விரித்து, நாலு பக்கமும் டேப்பால் இறுக்கமாக ஒட்டி, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடத்துக் கொங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் நிலத்திலிருந்து மேலே வருகிறது. தாளின் மேற்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம்; அதற்கு ஒரு ஈரநீக்கி இயந்திரம் போதும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பூத்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் போய் வந்திருக்கிறது.

பெரும்பாலான ஈரத்துக்கு மருந்து வீட்டுக்கு வெளியேதான். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டினால் அதை ஆறடி தள்ளி நீட்டுங்கள். சுவரை ஒட்டிய மண் வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தால் மண் போட்டு வெளிப்பக்கமாகச் சரித்து விடுங்கள். கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும், அடித்தளத்தில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்பும் போடுவதற்கு ரொறன்ரோ மாநகரசபை உதவிப்பணம் தருகிறது. பார் கட்டிய பிறகு தரையை உடைப்பதைவிட முன்பே உடைப்பது நல்லது.

இன்னொன்று, நிலத்திலிருந்து வரும், நுரையீரலுக்குக் கேடான ரேடான் வாயு. மணிக்கணக்காக உட்காரப் போகிற இடம் என்பதால் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, குறைந்தது மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். கனடாவின் வழிகாட்டு அளவு ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல். அதற்கு மேல் வந்தால் அந்த வேலை முதலில், பார் பிறகு.

எங்கே வைப்பது

பேஸ்மென்டைச் சுற்றி வந்து, மறைக்கக் கூடாதவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: மின்சாரப் பெட்டி, தண்ணீர் மெயின் வால்வு, தரைக் கழிவுத்துளை, கழிவுக்குழாயின் துப்புரவு மூடி, சம்ப் குழி. மின்சாரப் பெட்டிக்கு முன்னால் ஒரு மீட்டர் வெறுமையாக இருக்கவேண்டும் என்பது விதி. அதை மறைத்துப் போத்தல் தட்டு அடித்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும். பிரேக்கர் விழுந்த இரவில் கைபேசி வெளிச்சத்தில் பதினெட்டுப் போத்தலை ஒவ்வொன்றாக இறக்கினோம்.

எங்கள் வீடுகளுக்கே உரிய விதி ஒன்றும் இருக்கிறது. நான் டேப் போட்டுக் குறித்த மூலையைப் பார்த்துவிட்டு மாமி சொன்னது: "தம்பி, சாமியறைக்கு நேர கீழ இதை வைக்காதையுங்கோ." மேலே போய் அடியளந்து பார்த்தேன். சரியாக முருகன் படத்துக்குக் கீழேதான். எட்டடி தள்ளினேன். அதனால் நல்லதே நடந்தது. புது இடம் சலவை அறைச் சுவரை ஒட்டியிருந்தது. ஏன் அது நல்லது என்று பிறகு சொல்கிறேன்.

இனி அங்குலக் கணக்கு. பின்சுவரிலிருந்து தொடங்குங்கள். பின் மேடைக்கு 24 அங்குலம், ஊற்றிக்கொடுப்பவர் நிற்க 36 அங்குலம், பாரின் முன்சுவருக்கு 5, மேற்பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்க 10, உயரக் கதிரையும் அதில் இருக்கும் ஆளும் 24. மொத்தம் 99 அங்குலம், எட்டேகால் அடி. அதற்குப் பின்னால் ஒருவர் நடந்து போக இன்னும் மூன்றடி வேண்டும். நடுவில் நிற்பதற்கான 36ஐ 30 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் பிரிட்ஜ் கதவைத் திறக்கும்போது ஊற்றுகிறவர் வெளியே வரவேண்டியிருக்கும்.

இவ்வளவு இடம் இல்லையா? முன்சுவரை மறந்துவிடுங்கள். சுவரோடு ஒட்டி ஆறடி நீள மேடை, அதன் கீழே பிரிட்ஜ், மேலே தட்டுகள். அதுவும் பார்தான். சின்ன அறையில் பெரிய பாரைத் திணித்தால் ஆட்கள் அதைச் சுற்றி ஒதுங்கி நிற்பார்கள்.

கதிரைக்குக் கதிரை 24 முதல் 30 அங்குலம் விடவேண்டும். ஆனால் ஆறு ஏழு கதிரைக்கு ஆசைப்படாதீர்கள். எங்கள் ஆட்கள் பாரில் அரைமணி நேரம் நிற்பார்கள், பிறகு யாராவது "முன்னூற்றிநாலு போடுவமா" என்று கேட்பார். எல்லாரும் சீட்டு மேசைக்குப் போய்விடுவார்கள். மூன்று உயரக் கதிரை போதும். மிச்ச இடத்தில் நாலுபேர் இருக்கும் மேசை ஒன்றைப் போடுங்கள்.

குறித்ததும் கட்டத் தொடங்காதீர்கள். தரையில் நீல டேப்பை ஒட்டி, அட்டைப் பெட்டிகளை அடுக்கி ஒரு பொய் பார் செய்து, ஒரு கிழமை அதைச் சுற்றி நடந்து பாருங்கள். சலவைக் கூடையோடு போகும் மனைவிதான் உங்களுக்குச் சரியான பரிசோதகர்.

தண்ணி உண்டு, தண்ணீர்க்குழாய் வேண்டுமா?

முதல் முறை கட்டுபவருக்கு என் ஆலோசனை: சிங்க் வேண்டாம். தண்ணீரைக் கொண்டுவருவது கஷ்டமில்லை, வெளியேற்றுவதுதான் கஷ்டம். பேஸ்மென்டின் கழிவுக்குழாய் கொங்கிரீட்டுக்குக் கீழே ஓடும். தரையை வெட்டி, சரிவு கொடுத்து, காற்றுக்குழாயும் இணைத்தால்தான் சிங்க் ஒழுங்காக வடியும், நாறாமல் இருக்கும். அல்லது கழிவை மேலே தள்ளும் சின்னப் பம்ப் வைக்கவேண்டும். அது சத்தம் போடும், ஒருநாள் பழுதாகும். ஐஸுக்கு ஒரு வாளி, கையலம்ப ஒரு ஈரத்துணி, கழுவுவதற்கு மேலே குசினி. எனக்கு இதுவரை போதுமாக இருக்கிறது.

சிங்க் வேண்டுமென்றே நின்றால், சலவை அறையையோ குளியலறையையோ முதுகுக்கு வைத்துக் கட்டுங்கள். சுவரின் மறுபக்கத்திலேயே குழாய்கள் இருக்கும். என் பார் மாமியின் புண்ணியத்தில் அந்தச் சுவருக்குப் போனதால், நாளைக்கு மனம் மாறினாலும் வழி இருக்கிறது. ஒன்ராறியோவில் புதிதாகப் பிளம்பிங் வைத்தாலோ, வீட்டைத் தாங்கும் சுவரைத் தொட்டாலோ கட்டட பெர்மிட் எடுக்கவேண்டும். உங்கள் நகரசபையை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் வேறு கணக்கு. புது வயர் இழுத்தால், சின்ன வேலையானாலும், மாகாணத்தின் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கவேண்டும். சம்பளத்துக்கு ஆள் பிடித்தால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்கவேண்டும். "தெரிந்த பொடியன் ஒருவன் செய்வான்" என்ற யோசனையை இந்த ஓரிடத்தில் விட்டுவிடுங்கள். தீ விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்த அறிவிப்பைத்தான். பிரிட்ஜுக்கு ஒன்று, மேடைக்கு மேல் இரண்டு, தட்டு லைட்டுக்கு ஒன்று என்று பிளக் இடங்களைச் சுவர் மூடுமுன் எண்ணிக்கொள்ளுங்கள். சிங்கிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் பிளக், கசிவு மின்சாரத்தைக் கண்டதும் தானே துண்டிக்கும் வகையாக இருக்கவேண்டும்.

எலும்புக்கூடு

பாரின் உயரம் 42 அங்குலம். ஏன் 42? சராசரி ஆள் நின்றபடி முழங்கையை ஊன்றிச் சாயும் உயரம் அது. பின்மேடை குசினி உயரத்தில், 36. கதிரையின் இருக்கை 28 முதல் 30க்குள் இருக்கவேண்டும். கடையில் இரண்டு உயரத்தில் விற்பார்கள். 24 அங்குலத்தது குசினி மேடைக்கானது. அதை வாங்கினால் உங்கள் விருந்தாளி மேசைக்கு எட்டாத பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

முன்சுவர் என்பது கட்டையான ஒரு சட்டச் சுவர்தான். டூ-பை-ஃபோர் மரம் என்பார்கள். கையில் அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். கணக்கில் அதைத்தான் போடவேண்டும். மேற்பலகை இரண்டு அடுக்கு முக்கால் அங்குல பிளைவுட், அது 1½. மேல்சட்டம் 1½, அடிச்சட்டம் 1½. 42இலிருந்து இவற்றைக் கழித்தால் நிற்கும் கால்களின் நீளம் 37½ அங்குலம். தரைவிரிப்பு பிறகு வரும் என்றால் அதன் தடிப்பையும் காலில் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதென்ன தரைவிரிப்பு பிறகு? கிளிக் செய்து பூட்டும் வினைல் பலகைகள் தரையில் ஒட்டாமல், சூட்டுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கும். அவற்றின் மேல் பாரமான பாரை ஏற்றி ஸ்குரூ அடித்தால் அந்த இடம் அசையாது, வேறெங்காவது பூட்டு விடும். எனவே பாரைக் கொங்கிரீட்டில் கட்டுங்கள், பலகையைச் சுற்றி விரியுங்கள்.

கொங்கிரீட்டைத் தொடும் அடிச்சட்டம் மருந்து ஏற்றிய மரமாக இருக்கட்டும். சாதாரண மரம் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி உக்கும். சட்டத்துக்குக் கீழே மெல்லிய நுரைப் பட்டை ஒன்றும் வையுங்கள். பிறகு சுத்தியல் டிரில்லால் துளைத்து, தூசியை உறிஞ்சியெடுத்து, கொங்கிரீட் ஸ்குரூவை இறக்குங்கள். தூசி உள்ளே இருந்தால் ஸ்குரூ பாதியில் நின்று தலை முறியும். எனக்கு மூன்று முறிந்தது. தரைக்குள் சூட்டுக் குழாய் ஓடும் வீடானால் துளைக்கவே கூடாது. பசையால் ஒட்டி, ஒரு முனையைச் சுவரோடு பிணையுங்கள்.

கால்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று. நேராக ஒரே கோட்டில் நிற்கும் சுவர், ஆள் சாய்ந்தால் ஆடும். ஒரு முனையில் இரண்டடி மடக்கி எல் வடிவத்தில் கட்டினால் ஆட்டம் நின்றுவிடும். உட்பக்கத்தில் பிளைவுட்டைப் பசையோடு சேர்த்து அடித்தால் இன்னும் திடம். ரசமட்டத்தை அடிக்கடி வைத்துப் பாருங்கள். பேஸ்மென்டுத் தரை கழிவுத்துளைப் பக்கம் சரிந்துதான் இருக்கும், அதற்கேற்ப அடியில் ஆப்பு வைக்கவேண்டிவரும்.

மேற்பலகை போடுமுன் ஒரு சோதனை. வீட்டிலேயே பாரமான ஆளைக் கூப்பிட்டு, மேல்சட்டத்தில் சாய்ந்து ஒரு தள்ளுத் தள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் மச்சான். அவர் தள்ளி அசையவில்லையென்றால் வேறு யாரும் அசைக்கமாட்டார்கள்.

மேற்பலகையும் மாடிப்படியும்

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலும் மேற்பலகை 16 முதல் 18 அங்குல அகலம்தான். அவர்கள் ஒரு கிளாஸும் ஒரு கிண்ணம் கடலையும் வைக்கிறார்கள். எங்கள் பாரில் டெவில் கணவாய்க்கு ஒரு தட்டு, மிக்சருக்கு ஒன்று, ஆட்டு ஈரல் பொரியலுக்கு ஒன்று, அதன்மேல் கிளாஸ். 22 அங்குலம் வையுங்கள். நான் 18இல் வைத்துவிட்டு இப்போதும் தட்டுகளைச் சலவை இயந்திரத்தின் மேல் அடுக்குகிறேன்.

என் அடுத்த பிழை இன்னும் பெரிது. மேற்பலகையை வசதியாகக் கராஜில் செய்தேன். எட்டடி நீளம், இரண்டு அடுக்கையும் ஒட்டி, தேய்த்து, மூன்று பூச்சு வார்னிஷ். நாலுபேர் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். நடுவில் படி திரும்புகிற இடத்தில் பலகை திரும்பவில்லை. நிமிர்த்தினோம், சரித்தோம், தலைகீழாக்கினோம். கடைசியில் நவம்பர் குளிரில் டிரைவ்வேயில் வைத்து அதை இரண்டாக அறுத்தேன். இப்போதும் அந்த ஒட்டு தெரியும். அதன்மேல் எப்போதும் ஐஸ் வாளி இருக்கும். எனவே மரம் வாங்கப் போகுமுன் படியை அளந்துகொள்ளுங்கள். பிளைவுட் நாலடிக்கு எட்டடித் தாளாக வரும், கடையிலேயே வெட்டித் தரச் சொல்லலாம். ஒட்டுவது கீழே போன பிறகு. பிரிட்ஜுக்கும் சோபாவுக்கும் இதே கதைதான்.

பூச்சுக்கு இரண்டு வழி. கண்ணாடி மாதிரி மின்னும் எப்பாக்ஸி பார்க்க அழகு, ஆனால் ஊற்றும் அறை இருபது டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். ஜனவரிப் பேஸ்மென்டில் ஊற்றினால் கெட்டியாகாமல் பிசுபிசுக்கும், குமிழிகளும் வெளியேறாது. பொறுமை குறைந்தவர்களுக்கு பாலியூரித்தேன் நல்லது. மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 220 நம்பர் அரத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். சூடாக்கும் உலை அல்லது கொதிகலனின் நெருப்பு பக்கத்தில் எரிகிற அறையானால் நீரில் கரையும் வகையை வாங்குங்கள்; எண்ணெய் வகையின் ஆவி தீப்பிடிக்கும்.

காலூன்றும் கம்பியை ஆடம்பரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நிற்பவர் ஒரு காலைத் தூக்கி வைத்தால்தான் இடுப்பு வலிக்காது. தரையிலிருந்து 7 முதல் 9 அங்குல உயரத்தில் வரவேண்டும். பித்தளைக் குழாய் விலை கூடியது. ஒரு தடித்த மரச்சட்டமும் அதே வேலையைச் செய்யும். ஆனால் அதைச் சுவரின் கால்களில் இறுக்குங்கள், வெறும் முகப்புப் பலகையில் வேண்டாம். ஆள் அதன்மேல் ஏறி நிற்பார்.

பின்பக்கம்

இங்கே புதிதாக எதையும் செய்யாதீர்கள். பழைய குசினி அலுமாரிகள் ஹபிடாட் தொண்டு நிறுவனத்தின் ரீஸ்டோர் கடையிலும் கிஜிஜி விளம்பர இணையத்தளத்திலும் கிடைக்கும். கீழ் அலுமாரி 34½ அங்குலம், அதன்மேல் ஒன்றரை அங்குலப் பலகை போட்டால் சரியாக 36.

பிரிட்ஜ் வாங்கும்போது சூடு எங்கே வெளியேறுகிறது என்று கேளுங்கள். சாதாரண சின்ன பிரிட்ஜ் பின்னாலும் பக்கங்களிலும் சூட்டை விடும். அதை அலுமாரிக்குள் இறுக்கமாகத் தள்ளினால் மோட்டார் ஓயாமல் ஓடிச் சீக்கிரம் செத்துவிடும். பொருத்தி வைக்கவேண்டுமென்றால் முன்பக்கம் காற்று விடும் வகை வேண்டும். பியர் பீப்பாய்க் குழாய் வைக்கும் ஆசையை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். அதன் குழாயைத் தவறாமல் கழுவவேண்டும், எங்கள் கூட்டத்தில் பியர் அவ்வளவு ஓடாது.

தட்டுகளின் பாரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் அதிகம். நிறைந்த 750 மில்லி போத்தல் ஒன்று ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. மூன்றடித் தட்டில் ஒரு வரிசைக்குப் பதினொன்று நிற்கும், இரண்டு வரிசையானால் முப்பது கிலோவைத் தொடும். ஸ்குரூ சுவரின் மரக்கால்களில் இறங்கவேண்டும், மேலே மூடியிருக்கும் வெறும் ட்ரைவால் பலகையில் இல்லை. லைட் 2700 கெல்வின் மஞ்சள் நிற எல்இடி பட்டை, தட்டின் முன்விளிம்பில் பின்னோக்கிப் பார்த்தபடி. வெள்ளை லைட் போட்டால் மருந்துக்கடை மாதிரி ஆகிவிடும்.

போத்தல்

இதற்கு ஆலோசனை தேவையில்லை என்பீர்கள். சரி, இரண்டு மூன்று சொல்லி விடுகிறேன். ஒன்ராறியோவில் பியரும் வைனும் 2024 செப்டெம்பர் முதல் மூலைக்கடையிலும் கிடைக்கின்றன. விஸ்கி, பிராண்டி, சாராயத்துக்கு மாகாண அரசின் மதுக்கடையான எல்சிபிஓதான். கனடாவில் ஒரு 'டிரிங்க்' என்றால் நாற்பது வீத மதுவில் 43 மில்லி. ஒரு 750 போத்தலில் பதினேழு. அளவுக் கிண்ணம் ஒன்றை வாங்கி அதிலேயே ஊற்றுங்கள். கண்ணளவில் ஊற்றும் மாமா இருக்கிற வீட்டில் பதினேழு ஒன்பதாகிவிடும்.

முதல் நாளே இருபது வகை தேவையில்லை. ஒரு விஸ்கி, ஒரு தென்னஞ்சாராயம், அதற்கு எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர், ஒரு ஜின், சோடா, தேசிக்காய். விஸ்கியை நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் கார்க் அரிபடும். கார்க் போட்ட வைனைப் படுக்கவையுங்கள். திறந்த வெர்மூத் பிரிட்ஜில். வீட்டில் பியரும் வைனும் சொந்தப் பாவனைக்கு ஊறவைக்கலாம், ஆனால் சாராயம் வடிப்பது குற்றம். ஊரில் கசிப்புக் காய்ச்சிய அனுபவம் இருந்தாலும் அதை இங்கே காட்டவேண்டாம். காசு வாங்கி ஊற்றிக்கொடுப்பதற்கும் உரிமம் வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீடானால் ஒரு அலுமாரிக்காவது பூட்டுப் போடுங்கள். இங்கே குடிக்கும் வயது 19.

கடைசியாக அடித்தது ஐந்து கொக்கிகள், படியிறங்கி வந்ததும் கைக்கு எட்டும் இடத்தில், கார்ச் சாவிக்கு. ஒன்ராறியோவில் இரத்தத்தில் மது 0.05 வீதத்தைத் தொட்டாலே உரிமத்தை அந்த இடத்திலேயே பறிப்பார்கள். 21 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ளவருக்கும் புது ஓட்டுநருக்கும் பூச்சியம்தான். சாவியைக் கொக்கியில் மாட்டினால்தான் முதல் கிளாஸ். திருப்பிக் கொடுப்பதா, சோபாக் கட்டிலை விரிப்பதா என்று தீர்மானிப்பது மாமி.